13,900 கிலோமீட்டர், 16 மணி நேரம், இல்லாத ஒரு விமானம்

சென்னையிலிருந்து சான் பிரான்சிஸ்கோ எவ்வளவு தூரம் என்று இணையத்தில் தேடினால் சுமார் 13,900 கிலோமீட்டர் என்று வரும். பயண நேரம் 16 மணி என்று கூடவே போட்டிருப்பார்கள். கணக்கில் தப்பில்லை. அந்த 16 மணி நேர விமானம்தான் இல்லை. சென்னையிலிருந்து அமெரிக்காவின் எந்த ஊருக்கும் நேரடி விமானம் கிடையாது. இந்தத் தளங்கள் இரண்டு ஊருக்கும் நடுவே ஒரு கோடு இழுக்கும், மணிக்கு 850-இலிருந்து 900 கிலோமீட்டர் என்று வைத்து வகுக்கும், ஏறி இறங்க அரை மணியைச் சேர்த்துவிடும். விமானம் இருக்கிறதா இல்லையா என்பது அவற்றின் கவலை இல்லை.

எனக்குத்தான் அது கவலை. பல்லாவரத்தில் டிக்கெட் போடும் அலுவலகத்தில் வேலை. எங்களிடம் அமெரிக்காவுக்கு டிக்கெட் கேட்டு வருகிறவர்களில் பாதிப் பேர், பெண்ணுக்கோ மருமகளுக்கோ பிரசவம் பார்க்கப் போகும் அம்மா அப்பாக்கள். பலருக்கு அதுதான் முதல் விமானப் பயணம். பேரனோ பக்கத்து வீட்டுப் பையனோ போனில் காட்டிய 16 மணி நேரத்தை மனதில் வைத்துக்கொண்டு வருவார்கள். நான் 23 மணி, 25 மணி என்று சொன்னதும் முகம் மாறிவிடும். ஏதோ நான் கூடுதலாக விற்பது போல.

சமீபத்தில் வந்த ஒரு ஐயா, பெரம்பூர் ஐ.சி.எஃப் ரயில் பெட்டித் தொழிற்சாலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், கையில் ஒரு கோடு போட்ட நோட்டோடு உட்கார்ந்தார்.

"ஏம்மா, 16 மணி நேரம்னு போட்டிருக்கான். நீ 23 சொல்றே. மிச்சம் 7 மணி நேரம் எங்கே போச்சு?"

ரயில்காரர் என்பதால் அவருக்குத் தூரம் என்றால் தண்டவாளத்தின் நீளம். சென்னையிலிருந்து டெல்லிக்கு ரயிலில் சுமார் 2,180 கிலோமீட்டர். ரயில் அந்தத் தூரத்தைத்தான் ஓடும், கட்டணமும் அந்தத் தூரத்தை வைத்துத்தான். அதே டெல்லி வானத்தில் 1,760 கிலோமீட்டர். ஆனால் அந்த 1,760 என்பது யாரும் போட்டுவைத்த பாதை அல்ல, பூமியின் மேல் இழுத்துப் பார்த்த கோடு. இதை அவருக்குச் சொல்ல எங்கள் அலமாரியில் இருக்கும் பள்ளிக்கூட உலக உருண்டையையும் ஒரு நூலையும் எடுத்தேன். வாயால் சொல்லிப் புரியவைக்க முடியாத விஷயம் இது. சுவரில் மாட்டிய உலகப் படத்தைக் காட்டினால் எல்லோரும் சென்னையிலிருந்து வலப்பக்கமாக ஜப்பான் வழியாகத்தான் விரலை ஓட்டுவார்கள்.

நூலின் ஒரு முனையைச் சென்னையில் வைத்து, இன்னொரு முனையைச் சான் பிரான்சிஸ்கோவில் வைத்து இழுத்துப் பிடித்தால், நூல் ஜப்பான் பக்கமே போகாது. கிட்டத்தட்ட நேர் வடக்கே கிளம்பும். ஆந்திரக் கடற்கரை, ஒடிசா, பீகார், நேபாளம், திபெத், மங்கோலியாவின் மேற்கு, சைபீரியா. அங்கே ஆர்க்டிக் வட்டத்துக்கு உள்ளேயே போய்விட்டு, அலாஸ்கா வழியாக இறங்கும். உருண்டையின் மேல் இரண்டு புள்ளிகளுக்கு நடுவே இருக்கும் மிகக் குறுகிய வழி இதுதான். பெருவட்டப் பாதை என்பார்கள்.

இந்தக் கோட்டை ஒரு நாள் மதியம் கூட்டம் இல்லாத நேரத்தில் உட்கார்ந்து சரியாகக் கணக்குப் போட்டுப் பார்த்தேன். இமயமலையை அது எங்கே கடக்கிறது என்று தெரிய வேண்டும் என்று ஒரு ஆசை. எவரெஸ்டுக்கு மிக மிக அருகே கடக்கிறது. நம் மீனம்பாக்கத்து ஓடுபாதையிலிருந்து சான் பிரான்சிஸ்கோவுக்கு இழுத்த கோடு, உலகத்திலேயே உயரமான சிகரத்தை உரசிக்கொண்டு போகிறது. முதலில் நம்பவில்லை, இன்னொரு தடவை போட்டுப் பார்த்தேன். அதேதான் வந்தது.

இதில் எனக்குப் பிடித்த சங்கதி வேறு. விமான நிலையத்துக்குப் பக்கத்தில் நிற்கும் பரங்கிமலை இருக்கிறதே, அதன் அருகில்தான் 1802 ஏப்ரல் 10-ஆம் தேதி வில்லியம் லாம்டன் 100 அடி எஃகுச் சங்கிலியை வைத்து, அளவைக்கு அடிப்படையாக ஏழரை மைல் நீளத்துக்கு ஒரு கோட்டை அளக்கத் தொடங்கினார். இந்தியா முழுவதையும் முக்கோணம் முக்கோணமாக அளந்த பெரிய நில அளவைக்கு அதுதான் ஆரம்பம். பூமி எவ்வளவு வளைந்திருக்கிறது என்பதைக் கண்டுபிடிப்பதும் லாம்டனின் நோக்கங்களில் ஒன்று. அவர் 1823-இல் இறந்ததும் அந்த வேலையை ஏற்றுக்கொண்டவர் அவருடைய உதவியாளராக இருந்த ஜார்ஜ் எவரெஸ்ட். அதே அளவையின் தொடர்ச்சியாகத்தான் பிறகு ராதாநாத் சிக்தர் 15-ஆம் சிகரம் என்று குறித்திருந்த மலையின் உயரத்தைக் கணக்கிட்டார். 1865-இல் அதற்கு எவரெஸ்ட் பெயரை வைத்தார்கள். ஆக, பரங்கிமலையடியில் தொடங்கிய சங்கிலி 60 வருஷம் சுற்றி எவரெஸ்டுக்குப் போய்ச் சேர்ந்தது, நூல் நேராகவே போய்விடுகிறது. தற்செயல்தான், ஒரு அர்த்தமும் இல்லை. ஆனாலும் ஐயாவிடம் சொல்லாமல் இருக்க முடியவில்லை. அவர் ரசித்தார். "சரி, அந்த வழியா ஏன் விடமாட்டேங்கறான்?" என்று கேட்டார்.

விமானம் எவரெஸ்டில் இடித்துவிடும் என்று பயமில்லை. சிகரம் 8,849 மீட்டர், விமானங்கள் 10, 11 கிலோமீட்டர் உயரத்தில் பறக்கின்றன. சிக்கல் அதற்கு அப்பால் இருக்கும் திபெத் பீடபூமியில். விமானத்துக்குள் காற்றழுத்தம் போய்விட்டால், பயணிகளின் ஆக்சிஜன் முகமூடி சில நிமிடங்களுக்குத்தான் தாங்கும். அதற்குள் விமானி 10,000 அடிக்கு இறங்கியாக வேண்டும். திபெத்தில் தரையே சராசரியாக 4,500 மீட்டர், அதாவது 15,000 அடிக்குக் கொஞ்சம் குறைவு. இறங்க இடமே இல்லை. அதனால் பெரும்பாலான விமானங்கள் அந்தப் பகுதியைச் சுற்றிக்கொண்டுதான் போகும்.

அப்புறம் ரஷ்யா. 2022 பிப்ரவரியில் உக்ரைன் போர் தொடங்கியதும் மேற்கத்திய விமானங்களுக்கு ரஷ்ய வான்வெளி மூடப்பட்டது. ஹெல்சிங்கியிலிருந்து டோக்கியோவுக்கு 9 மணிச் சொச்சத்தில் போய்க்கொண்டிருந்த விமானம் அதன் பிறகு 13 மணி நேரம் சுற்றிப் போக வேண்டிவந்தது. இரண்டு விமான நிலையமும் இடம் மாறவில்லை, இணையத்தில் போட்டிருக்கும் தூரமும் மாறவில்லை. மாலை 6 மணிக்குப் பல்லாவரம் துரைப்பாக்கம் சாலையில் போனவர்களிடம் 10 கிலோமீட்டர் என்றால் எவ்வளவு நேரம் என்று கேட்டுப் பாருங்கள், அந்த மாதிரிதான் இதுவும்.

நேர்கோடு வேண்டாம் என்று ஆனபின் மிச்சம் இருப்பது எந்த ஊரில் இறங்கி ஏறுவது என்ற கேள்வி. இங்கேதான் வருகிறவர்கள் ரொம்பக் குழம்புவார்கள். துபாய் மேற்கே இருக்கிறது, சிங்கப்பூர் கிழக்கே. ஒன்று சரியான திசை என்றால் மற்றது தப்பான திசையாகத்தானே இருக்க வேண்டும்?

சென்னையிலிருந்து துபாய் சுமார் 2,930 கிலோமீட்டர். சிங்கப்பூர் சுமார் 2,920. இரண்டு ஊரும் நமக்கு ஏறக்குறைய ஒரே தூரத்தில், ஆளுக்கு ஒரு பக்கம். இரண்டுக்கும் 4 மணி நேரத்துக்கு ஒட்டித்தான் ஆகும். துபாயிலிருந்து சான் பிரான்சிஸ்கோ 13,000 கிலோமீட்டர், அந்தக் கோடு வடதுருவத்துக்கு வெகு பக்கத்தில் போகும். சிங்கப்பூரிலிருந்து 13,600 கிலோமீட்டர், பசிபிக் கடலின் மேல். கூட்டினால் துபாய் வழி 16,000 கிலோமீட்டருக்குக் கொஞ்சம் குறைவு, சிங்கப்பூர் வழி 16,500. லண்டன் வழியாகப் போனாலும் 16,850-தான். எதிரெதிர்த் திசையில் கிளம்பியும் வித்தியாசம் ஆயிரம் கிலோமீட்டருக்குள் அடங்கிவிடுகிறது.

இதற்குக் காரணம் பூமி உருண்டையாக இருப்பதுதான். சென்னைக்கு நேர் எதிரே, பூமியைத் துளைத்துக்கொண்டு அந்தப் பக்கம் போனால், பெருவுக்கு மேற்கே பசிபிக் கடலில் ஒரு இடம் வரும். அந்த இடத்துக்கு எந்தத் திசையில் கிளம்பினாலும் 20,000 கிலோமீட்டர்தான், எல்லா வழியும் சரியான வழி. சான் பிரான்சிஸ்கோ அந்த அளவுக்குத் தொலைவில் இல்லை. இருந்தாலும் அந்த 20,000-இல் பாதிக்கும் மேலே தள்ளி இருப்பதால், திசைக்கு அவ்வளவு முக்கியத்துவம் இல்லாமல் போகிறது. இதையே கோலாலம்பூர் போகிறவரிடம் துபாய் வழியாகப் போங்கள் என்று சொன்னால் அடிக்க வருவார்.

நேரத்தைப் பார்த்தால் இன்னொரு வேடிக்கை. சிங்கப்பூர் விமானம் 600 கிலோமீட்டர் கூடுதலாகப் பறந்தும், துபாய் விமானத்தைவிட அதிக நேரம் எடுப்பதில்லை. சுமார் 15 மணி நேரத்தில் போய்விடும். அதே விமானம் சான் பிரான்சிஸ்கோவிலிருந்து சிங்கப்பூர் திரும்பும்போது 16 மணி நேரம் தாண்டி 17-ஐ நெருங்கும். காரணம் காற்று. 10, 12 கிலோமீட்டர் உயரத்தில் மேற்கிலிருந்து கிழக்கே ஜெட் காற்று ஓடுகிறது. குளிர்காலத்தில் மணிக்கு 200 கிலோமீட்டருக்கு மேலும் வீசும். விமானத்தின் வேகம் சுற்றியிருக்கும் காற்றைப் பொறுத்தது. காற்றே 200 கிலோமீட்டர் வேகத்தில் கிழக்கே போனால், கிழக்கே போகும் விமானத்துக்கு அது முழுக்க லாபம். வருகிறவர்களுக்கு அதே அளவு நஷ்டம்.

இந்தக் காற்றை 1920-களில் பலூன் விட்டுப் பார்த்துக் கண்டுபிடித்தவர் ஜப்பானின் வாசாபுரோ ஊயிஷி. உலகம் முழுக்கப் படிக்கட்டும் என்று 1926-இல் அதை, எல்லா நாட்டாருக்கும் பொதுவாக இருக்கட்டும் என்று உருவாக்கிய எஸ்பரான்டோ மொழியில் எழுதி வெளியிட்டார், அதனாலேயே யாரும் படிக்கவில்லை. பாவம். நம் தலைக்கு மேலும் ஒரு ஜெட் காற்று உண்டு. தென்மேற்குப் பருவமழைக் காலத்தில் தென்னிந்தியாவுக்கு மேலே தலைகீழாக, கிழக்கிலிருந்து மேற்கே ஓடும். அதைப் பற்றி 1958-இல் விரிவாக எழுதியவர் நம் வானிலைத் துறையின் பி. கோடேஸ்வரம். ஆனால் அது பயணிகள் விமானங்கள் பறக்கும் உயரத்துக்கு மேலே, 14, 15 கிலோமீட்டரில் ஓடுகிறது, டிக்கெட்டில் தெரியாது.

காற்றுக்குத் தகுந்தபடி விமானப் பாதையை ஒவ்வொரு நாளும் புதிதாகப் போடுகிறார்கள். மகள் போனில் விமானத்தை நகர நகரப் பார்த்துக்கொண்டிருக்கும்போது அது எங்கோ வளைந்து போனால் பதற வேண்டாம். நேற்று போன வழியில் இன்று போக வேண்டும் என்று அதற்குக் கட்டாயம் இல்லை. தூரம் அதிகமான வழி சில நாள் சீக்கிரமாகவும் போய்ச் சேரும்.

இதெல்லாம் வானத்துக் கணக்கு. நான் டிக்கெட் போடும்போது பார்ப்பது பெரும்பாலும் தரைக் கணக்கு.

பிள்ளைகள் அங்கிருந்து இணையத்தில் "மொத்த நேரம் குறைவு" என்று வரிசைப்படுத்தி, முதலில் வருவதை அனுப்பிவைப்பார்கள். இரண்டு விமானத்துக்கும் நடுவில் 70 நிமிடம். முப்பது வயதில் முதுகுப் பையோடு ஓடுகிறவர்களுக்கு அது போதும். முட்டி வலியோடு சக்கர நாற்காலிக்குக் காத்திருக்கும் அம்மாவுக்குப் போதாது. நாற்காலி தள்ளுகிறவர் எல்லோரும் இறங்கிய பிறகுதான் வருவார். எங்களிடம் டிக்கெட் போட்ட ஒரு தம்பதிக்கு, மகன் பிடிவாதமாகக் கேட்டதால், இந்த மாதிரி ஒரு இணைப்பு போட வேண்டியிருந்தது. முதல் விமானம் சென்னையிலேயே ஒரு மணி நேரம் தாமதம். இரண்டு பேரும் ஏதோ ஒரு ஊரின் விமான நிலைய நாற்காலியில் விடிய விடிய உட்கார்ந்திருந்தார்கள், சாப்பாட்டுச் சீட்டு வாங்கவே அந்த அம்மா சைகையில் பேச வேண்டியிருந்ததாம். வயதானவர்களுக்கு நடுவில் 3 மணி நேரம் இல்லாமல் நான் போடுவதில்லை. 4 இருந்தால் நல்லது. 23 மணியாக ஆகட்டும், 24 ஆகட்டும்.

இரண்டு தனித்தனி டிக்கெட்டாக வாங்கினால் மலிவு என்று சிலர் வருவார்கள். ஒரே டிக்கெட் என்றால் சென்னையில் போட்ட பெட்டியைச் சான் பிரான்சிஸ்கோவில் எடுத்துக்கொள்ளலாம். தனித்தனி என்றால் நடுவில் உள்ள நாட்டுக்குள் நுழைந்து பெட்டியை எடுத்து மறுபடி போட வேண்டிவரலாம், அதற்கு விசா இருக்கிறதா என்ற கேள்வி வரும். முதல் விமானம் தாமதமானால் இரண்டாவது நிறுவனத்துக்கு அது பற்றிக் கவலையில்லை. அமெரிக்காவுக்குள்ளேயே ஒரு ஊரில் மாறினால், முதலில் இறங்கும் ஊரில் குடியேற்றச் சோதனையை முடித்து, ஊறுகாய் வடகத்தோடு பெட்டியை எடுத்து, மறுபடி கொடுக்க வேண்டும். அபுதாபி வழி மட்டும் வேறு மாதிரி. அமெரிக்கச் சோதனையை அங்கேயே முடித்துவிடுவார்கள், அந்த வரிசைக்கும் சேர்த்து நேரம் வேண்டும்.

தேதி விஷயம் இன்னும் மோசம். சென்னையிலிருந்து வெளிநாடு போகும் விமானங்கள் நிறைய நள்ளிரவு தாண்டித்தான் கிளம்பும். டிக்கெட்டில் புதன் 00:45 என்று இருந்தால் செவ்வாய் ராத்திரி வீட்டைவிட்டுக் கிளம்ப வேண்டும். புதன் ராத்திரி மாலை மரியாதையோடு வந்து நின்றவர்களை இந்தத் தொழிலில் இருக்கும் எல்லோரும் பார்த்திருப்பார்கள். அதனால் டிக்கெட் தாளின் மேலேயே பேனாவால் "செவ்வாய் ராத்திரி 8 மணிக்குச் சாப்பிட்டுக் கிளம்பணும்" என்று எழுதிக் கொடுத்துவிடுவேன்.

அங்கே போய் இறங்குவது அதைவிடக் குழப்பம். கோடைக் காலத்தில் சிங்கப்பூரும் கலிபோர்னியாவும் 15 மணி நேர வித்தியாசம், விமானமும் சுமார் 15 மணி நேரம். காலை 9 மணிக்குச் சிங்கப்பூரில் ஏறினால், அதே நாள் காலை 9 மணிக்குச் சான் பிரான்சிஸ்கோவில் இறங்கலாம். குளிர்காலத்தில் வித்தியாசம் 16 மணி, அப்போது கிளம்பிய நேரத்துக்கு முன்னாலேயே போய்ச் சேர்ந்துவிடுவார்கள். பகல், ராத்திரி எல்லாம் நடுவில் வந்து போயிருக்கும், காலண்டர் மட்டும் நகர்ந்திருக்காது. சர்க்கரை, பிரஷர் மாத்திரை சாப்பிடுகிறவர்கள் கடிகாரத்தைப் பார்த்தால் தலை சுற்றும். எத்தனை மணி நேரத்துக்கு ஒரு தடவை போட வேண்டும் என்று டாக்டரிடம் கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள் என்றுதான் சொல்வேன். திரும்பி வரும்போது அந்த ஒரு நாளைத் திருப்பிக் கொடுக்க வேண்டும். வெள்ளிக்கிழமை காலை கிளம்பினால் சிங்கப்பூரில் இறங்கவே சனிக்கிழமை மாலை ஆகிவிடும்.

ஐயா எல்லாவற்றையும் கேட்டுவிட்டு நோட்டில் மூன்று பத்தி கோடு போட்டார். தூரம், ஓடுற நேரம், நிக்கிற நேரம். ரயில் அட்டவணை போலவே துபாயையும் சிங்கப்பூரையும் மேலும் கீழும் எழுதினார். சிங்கப்பூர் வழியில் ஓடுவது 19, நிற்பது 4. அவர் தேடிய 7 மணி நேரம் அதில் கிடைத்தது: நடுவில் நிற்பது 4, நேர்கோட்டிலிருந்து விலகிச் சுற்றுவது 3.

"வரும்போது எதிர்காத்துன்னு சொன்னியே, அதுக்குத் தனியா காசு போடுவானா?"

"இல்லைங்க ஐயா. எண்ணெய் அதிகம் குடிக்கும், ஆனா டிக்கெட் விலை காத்தைப் பார்த்து வைக்கிறதில்லை. கிலோமீட்டரைப் பார்த்தும் வைக்கிறதில்லை."

அதுதான் அவருக்குக் கடைசிவரை ஒப்பவில்லை. கிலோமீட்டருக்கு இவ்வளவு என்று இல்லாமல் எப்படி ஒரு டிக்கெட் விற்க முடியும் என்று கூட வந்த மனைவியிடம் சொல்லிக்கொண்டே இருந்தார். மாமிக்கு வேறு கேள்வி, காலையில் இறங்கினால் மாப்பிள்ளை ஆபீஸுக்கு லீவு போட வேண்டியிருக்குமே என்று. சிங்கப்பூர் வழியையே எடுத்தார்கள், சக்கர நாற்காலிக்கும் சேர்த்து எழுதிவிட்டேன். திரும்பும் தேதி இன்னும் உறுதியில்லை, குழந்தைக்குப் பெயர் வைத்து ஓரிரு மாதம் இருந்துவிட்டுச் சொல்கிறோம் என்றார்கள். தேதி மாற்றக் கட்டணம் இல்லாத டிக்கெட்டாகப் பார்த்துப் போட்டிருக்கிறேன்.